மார்கழி இருட்டில் ஆந்தைக்குக் காது கொடுப்பது எப்படி?

எங்கள் அப்பத்தா ஆந்தை கத்தினால் விரல் விட்டு எண்ணுவார். ஒரு தடவை கத்தினால் சாவுச் செய்தி, இரண்டு என்றால் நினைத்தது நடக்கும், நாலு என்றால் வீட்டில் கலகம். மூன்றுக்கு என்ன பலன் என்று கேட்டால் மட்டும், “சின்னப்பயலுக்கு எதுக்கு அதெல்லாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பலன்களில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எண்ணும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அதே வேலையை நோட்டும் பேனாவுமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

மதுரைப் பக்கத்துக் கண்மாய், பொட்டல், பாறைக்குன்று, புளிய மரச் சாலை என்று சுற்றியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில் எங்கே இருந்தாலும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்து கேமரா வாங்க வேண்டாம். ஆந்தையைப் பார்ப்பவர்களைவிட கேட்பவர்களுக்குத்தான் அதைப் பற்றி அதிகம் தெரியும்.

ஏன் பனிக்காலம்?

ஐப்பசி, கார்த்திகையில் போய் நின்றீர்கள் என்றால் தவளைக் கச்சேரிதான். அதைத் தாண்டி எதுவும் காதில் விழாது. மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் அந்த இரைச்சல் படிப்படியாக அடங்கும். காற்றும் விழுந்துவிடும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே இருப்பது கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதால், ஒலி மேலே போய்ச் சிதறாமல் தரையோடு வளைந்து வெகுதூரம் வரும். அடுத்த ஊர் ரயில் சத்தம் பனிக்காலத்தில் பக்கத்தில் கேட்பதற்கும் இதுதான் காரணம்.

இன்னொரு பெரிய காரணம், நம்மூர் ஆந்தைகளில் பலவற்றுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் ஜோடி சேர்ந்து குஞ்சு பொரிக்கும் காலம். இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் துணையைக் கூப்பிடவும் அவை வாய் ஓயாமல் கத்துவது இப்போதுதான். ஆடி மாதத்தில் ஒரு மணி நேரம் நின்று கேட்காததை தை மாதத்தில் பத்து நிமிடத்தில் கேட்டுவிடலாம்.

முதலில் பகலில் போங்கள்

இரவில் நிற்கப்போகும் இடத்தைப் பகலில் நடந்து பார்க்காமல் போகவே கூடாது. வீட்டிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் பொந்து விழுந்த புளிய மரம், ஆலமரம், தலை போன பனை, பாழடைந்த கட்டடம், கோயில் கோபுரம், பெரிய கிணறு, பாறை என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். தூரத்துக் காடு வேண்டாம். அடிக்கடி போக முடிகிற இடம்தான் நல்ல இடம்.

மரத்தடியிலோ பாறை விளிம்பிலோ சுண்ணாம்பு ஊற்றியதுபோல வெள்ளை எச்சம் வழிந்திருந்தால் மேலே பாருங்கள். பகலில் ஏழெட்டுக் காக்கைகள் ஒரே கிளையைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தாலும் பாருங்கள். பாதி நேரம் அங்கே ஓர் ஆந்தை கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், கக்கல் உருண்டை. ஆந்தை இரையை முடிந்தவரை முழுதாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வாய்வழியே வெளியே தள்ளிவிடும். கோயில் மண்டபத்தின் பின்புறம் நான் முதலில் எடுத்தது கட்டைவிரல் அளவில், கறுத்து, வார்னிஷ் அடித்ததுபோலப் பளபளவென்று இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தேன். சாம்பல் நிற முடிக்குள்ளிருந்து ஒரு மண்டையோடு, அதில் ஆரஞ்சு நிறத்தில் வளைந்த இரண்டு வெட்டுப்பற்கள், அதாவது எலி. கூடவே கூர்மூக்கு மண்டையோடு ஒன்று, அது மூஞ்சூறு. ஒரே உருண்டையில் இரண்டு சாப்பாடு. அங்கே கூகை இருக்கிறது என்பதை ஒரு சத்தமும் கேட்காமலே தெரிந்துகொண்டேன். புள்ளி ஆந்தையின் உருண்டை என்றால் இதைவிடச் சின்னது, பெரும்பாலும் வண்டு ஓடும் பூச்சிக் காலுமாக உதிரும்.

குரலை வீட்டில் பழகுங்கள்

ஸெனோ-கான்டோ என்ற இணையதளத்தில் உலகம் முழுவதும் பதிவான பறவைக் குரல்களை இலவசமாகக் கேட்கலாம். மெர்லின் என்ற செல்போன் ஆப்பும் உதவும். எல்லா ஆந்தைகளையும் ஒரே நாளில் கேட்டால் குழம்பிப்போவீர்கள். முதல் மாதத்துக்கு மூன்றே மூன்று போதும்.

முதலாவது புள்ளி ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும், ஊருக்குள்ளேயே இருக்கும். “சிர்ர்ர்… சிர்ர்ர்…” என்று தொடங்கி “சீவக், சீவக்” என்று கீச்சிட்டு முடியும். பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்து கத்தும். புருஷன் பெண்டாட்டி சண்டையை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பது மாதிரி இருக்கும். பொழுது சாய்ந்ததும் முதலில் வாயைத் திறப்பது இதுதான்.

இரண்டாவது கூகை, இதய வடிவில் வெள்ளை முகம் உள்ளது. இது கூவாது. பழைய வேட்டியை ஒரே இழுப்பில் கிழித்தால் எழும் சத்தம்தான் அதன் குரல், அதுவும் தலைக்கு மேல் பறந்துகொண்டே. பல வீடுகளில் சாமி கும்பிட வைத்த சத்தம் இது. குஞ்சுகள் இருந்தால், குக்கர் விசில் வருவதற்குமுன் ஆவி சீறுமே, அதைப்போல இரவெல்லாம் சீறிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கொம்பன் ஆந்தை. பாறையும் ஓடைப் பள்ளமும் உள்ள இடங்களில் இருக்கும் பெரிய ஆந்தை, அரை மீட்டருக்கு மேல் உயரம். “பூ… ஊஊஊ” என்று இரண்டு சுரம், இரண்டாவது நீளம். அடிவயிற்றிலிருந்து வரும் குரல். நல்ல இரவில் ஒரு கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும். முழு இருட்டுக்கு முன்னால் பாறை உச்சியில் உட்கார்ந்து கூவும் பழக்கம் இதற்கு உண்டு. அந்த நேரத்தில் பைனாகுலரில் பார்த்தால், ஒவ்வொரு கூவலுக்கும் தொண்டையில் ஒரு வெள்ளைத் திட்டு உப்பி உப்பி அடங்குவது தெரியும். சத்தம் நம்மிடம் வந்து சேர்வதற்குள் வெள்ளை மறைந்துவிடும். முதன்முறை அதைப் பார்த்தபோது எண்ணவே மறந்துவிட்டேன்.

இந்த மூன்றும் கைவந்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். பழைய மாந்தோப்பு, ஆலமரம் உள்ள இடத்தில் “ச்சுஹுஆஆ” என்று நடுங்கும் குரல் கேட்டால் அது பொரிப்புள்ளி ஆந்தை. கேரளத்தில் காலன் கோழி என்று பெயர்வாங்கியது இந்தக் குரலால்தான். “வாட்?” என்று மெதுவாக ஒரு கேள்வி, சில நொடி மௌனம், மறுபடி அதே கேள்வி என்று விடாமல் கேட்டால், காதுக்கொம்பு உள்ள சின்ன ஸ்கோப்ஸ் ஆந்தை. ஆறும் ஓடையும் உள்ள இடத்தில் பூமன் ஆந்தை என்ற மீன்பிடி ஆந்தையின் ஆழ்ந்த முணுமுணுப்பு கேட்கலாம். மலையடிவாரக்காரர்களுக்குக் காட்டுச் சின்ன ஆந்தையும் வேட்டைக்கார ஆந்தையும் கூடுதலாக உண்டு.

சாக்குருவி, கோட்டான் என்ற பெயர்களை நம்பி எதையும் எழுதிவிடாதீர்கள். ஒரு ஊரில் புள்ளி ஆந்தையைச் சொல்வார்கள், பக்கத்து ஊரில் வேறொன்றை. பெயர் சொல்பவரிடம் “எப்படிக் கத்தும், கத்திக் காட்டுங்கள்” என்று கேட்பதுதான் வழி. பெரியவர்கள் அச்சு அசலாகக் கத்திக் காட்டுவார்கள்.

ஆந்தை அல்லாத ஏமாற்றுக்காரர்களும் உண்டு. பக்கி என்ற இரவுப் பறவை “சக்-சக்-சக்ர்ர்ர்” என்று சிமெண்டுத் தரையில் விழுந்த கோலிக்குண்டு துள்ளித் துள்ளி நிற்பதைப்போல ஒலிக்கும். ஆள்காட்டி நீங்கள் வருவதை ஊருக்கே அறிவிக்கும். என்னை ஏமாற்றியது செண்பகப் பறவை. ஒரு மாதம் முழுக்க விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு “ஊப் ஊப் ஊப்” என்று கேட்டதையெல்லாம் கொம்பன் ஆந்தை என்று எழுதிவைத்திருந்தேன். ஒருநாள் கொஞ்சம் வெளுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. வேலிப் புதரிலிருந்து செம்பழுப்புச் சிறகோடு ஒரு செண்பகம் சாவகாசமாக இறங்கி நடந்தது. அந்தப் பக்கங்களை அடித்துவிட்டேன். கொம்பன் இரண்டு சுரத்தோடு நிறுத்தி இடைவெளி விடும், செண்பகம் அடுக்கிக்கொண்டே போகும். இது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

நிற்கும் இடங்களை முடிவு செய்யுங்கள்

பகலில் போட்ட பட்டியலிலிருந்து நாலைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கொன்று குறைந்தது அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே ஆந்தையை இரண்டு தடவை எண்ணுவீர்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். என்னுடையவை ‘இரண்டாம் மடை’, ‘பனந்தோப்பு’, ‘அய்யனார் கோயில்’, ‘பாறையடி’. செல்போன் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த இடங்களை மாற்றாதீர்கள். இந்த வருஷம் மடையில் நின்றுவிட்டு அடுத்த வருஷம் ரோட்டோரத்தில் நின்றால் இரண்டு கணக்கையும் ஒப்பிட முடியாது.

நேரம்? பொழுது சாய்ந்து இருபது நிமிடத்திலிருந்து எட்டு மணி வரை. மார்கழியில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறையும், ஆகவே ஆறு இருபதுக்குத் தயாராக இருங்கள். விடியற்காலையும் அருமையான நேரம்தான். ஆனால் மார்கழியில் நாலரைக்கெல்லாம் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். சாமி பாட்டோடு ஆந்தை போட்டி போடாது. விடியலில்தான் போவேன் என்றால் நாலு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது தை பிறக்கும்வரை பொறுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை போனால் போதும். ஒரு பருவத்துக்கு ஆறேழு தடவை வரும். வாரத்துக்கு மூன்று நாள் என்று தொடங்குபவர்கள் பொங்கலோடு நிறுத்திவிடுகிறார்கள். காற்று பலமாக அடித்தாலோ மழை தூறினாலோ அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் போங்கள்.

இரவில்

தனியாகப் போகாதீர்கள். துணைக்கு ஒருவர், அதிகம் பேசாதவராக. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அவசியம், இதில் சமரசம் வேண்டாம். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இரவில் நடமாடுபவை, வரப்புதான் அவற்றுக்கும் பாதை. நடக்கும்போது டார்ச் தரையைப் பார்த்து எரியட்டும். தரைமட்டக் கிணறு எங்கே இருக்கிறது என்று பகலிலேயே குறித்துவைத்திருக்க வேண்டும். பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறார்கள், அதனால் தெரியாத தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் இரவில் நுழைவது சட்டப்படி தவறு. ரோட்டோரத்திலேயே நின்று கேளுங்கள், ஆந்தைக்கு எல்லை கிடையாது.

பாம்பைவிட அடிக்கடி எதிர்ப்படுவது மனிதர்கள். இருட்டில் அசையாமல் நிற்கும் ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பனந்தோப்பில் ஒருமுறை பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தது.

“யாருப்பா அது? இந்நேரத்துல இங்க என்ன வேலை?”

“ஆந்தைச் சத்தம் கேக்க வந்தேன் அய்யா.”

“எதுக்கு?”

“கணக்கெடுக்க.”

காவல்காரப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி, வந்ததுதான் வந்த, அந்தப் பக்கம் நில்லு. இங்க நின்னா மோட்டார் சத்தம்தான் கேக்கும்” என்று நல்ல இடத்தைக் காட்டிவிட்டுப் போனார். அப்போதிலிருந்து புது இடம் என்றால் தோட்டக்காரரிடமும் டீக்கடையிலும் முதல்நாளே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, தகவலுக்குத் தகவல்.

இடத்துக்கு வந்ததும் டார்ச்சை அணையுங்கள். செல்போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் எதுவும் எழுத வேண்டாம். நம் மூச்சும் செருப்புச் சத்தமும் அடங்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும். அதன்பின் சரியாகப் பத்து நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு வாயை லேசாகத் திறந்து வைத்தால் நன்றாகக் கேட்கும், முயன்று பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்து மெதுவாகத் தலையைத் திருப்பினால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது பிடிபடும். கூகையின் தட்டு முகமும் இதே வேலையைத்தான் செய்கிறது. போதாததற்கு அதன் இரண்டு காதுகளும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அமைந்திருப்பதால், சத்தம் எவ்வளவு உயரத்தில் என்பதையும் அது கண்டுபிடித்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை.

குரல் கேட்டதும் செல்போன் திசைகாட்டியில் திசையைக் குறியுங்கள். இரண்டாம் மடையிலிருந்து 40 டிகிரி, பாறையடியிலிருந்து 320 டிகிரி என்று வந்தால், வரைபடத்தில் இரண்டு கோடு இழுங்கள். வெட்டும் இடத்தில் உங்கள் ஆந்தை இருக்கிறது. தெரியாத குரலாக இருந்தால் செல்போனில் பதிவு செய்து, கடைசியில் இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லி நிறுத்துங்கள். ஆப் சொல்லும் பெயரை அப்படியே எழுதாதீர்கள். உங்கள் காதும் ஒத்துக்கொண்டால் எழுதுங்கள்.

நோட்டு

என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

“டிசம்பர் 27, மாலை 6.25–6.35. இரண்டாம் மடை. காற்று இல்லை, பனி லேசாக. தவளை குறைவு. புள்ளி ஆந்தை 2, புளிய மரம், ஜோடியாக. கொம்பன் 1, வடகிழக்கு, தூரம், 7 தடவை. பைக் இரண்டு முறை போனது.”

இரைச்சலை எழுதுவது எதற்கு என்றால், நாளைக்கு எண்ணிக்கை குறைந்தால் ஆந்தை குறைந்ததா, பைக் கூடியதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? ஒரே ஆந்தை முப்பது தடவை கத்தினாலும் ஆந்தை ஒன்றுதான். எதிரெதிர்த் திசையில் ஒரே நேரத்தில் கேட்டால் மட்டும் இரண்டு.

புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. எதுவும் கேட்காத இரவை எழுதுவதில்லை. ‘பத்து நிமிடம் நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்பதும் பதிவுதான், சில சமயம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பதிவு.

வீட்டுக்கு வந்ததும் இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிடலாம். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உங்களுக்கு நல்ல தொடக்கம். குறைந்தது பதினைந்து நிமிடம் பறவை பார்த்துப் பட்டியல் போட வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானோர் பகல் பறவைகளையே எழுதுவதால் ஆந்தை வரிகள் காலியாகக் கிடக்கின்றன.

செய்யக் கூடாதவை

ஆந்தைக் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். வரும், அதுதான் சிக்கலே. தன் இடத்தில் வேற்று ஆந்தை புகுந்துவிட்டது என்று, முட்டையையும் இரையையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். சின்ன ஆந்தை அப்படி வெளியே வந்து கத்தினால் பெரிய ஆந்தைக்கு இரையாகவும் ஆகலாம். கண்ணில் டார்ச் அடிப்பதும் பிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம். பார்த்தே ஆக வேண்டும் என்றால் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, ஒரு சில நொடி மட்டும்.

கூடு இருக்கும் மரத்தின் படத்தையும் இடத்தையும் வாட்ஸப்பில் போடாதீர்கள். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடித்து விற்பது நாட்டின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். பிடிப்பவனுக்கு நாமே வழி சொல்லக் கூடாது. பொது இடத்தில் எழுதும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாசியில் பொந்துக்குக் கீழே குஞ்சு விழுந்து கிடந்தால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காயம் இல்லையென்றால் நாய், பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள், தாய் இருட்டியதும் வரும். காயம் என்றால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் ஊற்றுவது, சோறு ஊட்டுவது எல்லாம் வேண்டாம்.

இரண்டாவது வருஷம்

முதல் வருஷக் கணக்கு ஒரு தொடக்கம்தான், ருசி இரண்டாவது வருஷத்தில்தான் தெரியும். எங்கள் பக்கம் சாலையோரப் புளிய மரங்களில் ஒருநாள் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டார்கள். அகலப்படுத்தப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த மார்கழியில் அங்கே இரண்டு ஜோடி புள்ளி ஆந்தைகள் என் நோட்டில் இருந்தன. அடுத்த மார்கழியில் மரமும் இல்லை, குரலும் இல்லை. மூன்று தடவை போய் நின்று மூன்று தடவையும் ‘கேட்கவில்லை’ என்று எழுதினேன்.

தையில் வேறு வேலையாகப் போனபோது, முந்நூறு மீட்டர் உள்ளே ஒரு பழைய பம்புசெட் ரூம் பக்கமிருந்து “சீவக், சீவக்” என்று கேட்டது. கூரை ஓட்டுக்கு அடியில் ஒரு ஜோடி. போன வருஷத்து ஜோடியேதானா என்று என்னால் சொல்ல முடியாது. தோட்டக்கார அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன், ஓட்டைப் பிரிக்காமல் இருக்கச் சொன்னேன். “எலி பிடிச்சா இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அதற்குமேல் அவர் கண்டுகொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்துக் காலையில் போன் வந்தது.

“தம்பி, நேத்து ராத்திரி பூரா அது கத்தவே இல்ல. எழுதிக்கோ.”